‘தேகேங்கே’ என்ற சொல்

புரோத்ராபூரில் மாமா வீட்டு ஜன்னலில் அந்தப் பழைய ஸ்கேன் படத்தை நான் தூக்கிப் பிடித்துப் பார்த்தபோது, மாமா பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கண்கள் மஞ்சளாகியிருந்தன. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குக் கேம்பல் பேயிலிருந்து கப்பலில் வந்திறங்கிய எனக்கு அந்த மஞ்சள்தான் முதலில் தெரிந்தது. மாமி காமாலை என்று நினைத்துக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஒரு ஸ்கேன் எடுத்தோமே என்று அவர் சொல்லித்தான் எனக்கு விஷயமே தெரியவந்தது.

மாமா என் அம்மாவின் தம்பி. கன்னியாகுமரிக் கடற்கரையிலிருந்து இளவயதில் இந்தத் தீவுகளுக்கு வந்து, ஹேவ்லாக் தீவுக்குப் போகும் அரசுப் படகில் தினக்கூலி மஸ்தூராகச் சேர்ந்தவர். வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி ஆபீஸுக்குப் போனால், அங்கே இருக்கும் குமாஸ்தா பாபு தலையைத் தூக்காமல் ‘தேகேங்கே’ என்பார். பார்க்கலாம் என்று அர்த்தம். ஆபீஸ் வாசலில் அதற்கு, நடக்காது, போய் வா என்று அர்த்தம். வங்காளி, தெலுங்கர், மலையாளி, நாங்கள் என்று எல்லோரும் தப்பில்லாமல் புரிந்துகொண்ட ஒரே இந்திச் சொல் அதுவாகத்தான் இருக்கும். வீட்டுமனை கேட்டபோதும் மாமாவுக்கு அதுதான் கிடைத்தது. அவர் ரோஷக்காரர். அந்தச் சொல் காதில் விழுந்தபின் அந்தக் கதவுப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார். “தேகேங்கேன்னு சொன்னா எழும்பி வந்துரணும், கேட்டியா. நின்னு கெஞ்சப்பிடாது” என்பார்.

வயிற்றுவலி என்று போனவருக்கு, கல் இருக்கிறதா என்று பார்க்க எடுத்த ஸ்கேனில் கணையத்தில் நீர்க்கட்டி ஒன்று தெரிந்திருக்கிறது. டாக்டர் இந்தியில் நிறையச் சொன்னாராம். கடைசியில், “அபி தேக்தே ரஹேங்கே” என்றாராம். மாமா காதில் அது பழைய தேகேங்கேயாகவே விழ, எழுந்து வந்துவிட்டார். பிறகு வலியும் நின்றுபோக, படம் அலமாரிக்குள் போய்விட்டது. ஏன் திரும்பப் போகவில்லை என்று கேட்டேன். “அவருதான் முடியாதுன்னு சொல்லிட்டாரே மக்ளே. பெறவு என்னத்துக்குப் போவ?”

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு போனேன். அதே டாக்டர்தான். புதிதாக ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பொறுமையாக விளக்கினார். இப்படிப்பட்ட கட்டிகள் பெரும்பாலும் ஒன்றும் செய்யாமல் கிடக்குமாம். சின்னதாக இருந்தால் கத்தி வைப்பதில்லை, குறிப்பிட்ட இடைவெளியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருப்பதுதான் வைத்தியம். அதைத்தான் அன்று ‘தேக்தே ரஹேங்கே’ என்றாராம். வளர்ந்தாலோ சாடை மாறினாலோ, வாய்வழியாகக் குழாய் விட்டு நீரை எடுத்துச் சோதிப்பார்கள். அதிலும் சந்தேகம் வந்தால் மெயின்லேண்டுக்கு அனுப்பி, கணையத்தில் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பார்கள். மாமாவை ஆறு மாதத்தில் வரச் சொல்லியிருந்தாராம். இப்போது அது புற்றுநோயாகி ஈரலுக்கும் பரவிவிட்டது. வெட்டி எடுக்க வழியில்லை. அடைபட்ட பித்தம் இறங்க ஒரு குழாய் வைக்கலாம், அரிப்பும் மஞ்சளும் குறையும் என்றார். நான் மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு எதுவும் தோன்றவில்லை. சரி, வையுங்கள் என்றேன்.

குழாய் வைத்தார்கள். மஞ்சள் குறைந்தது. ஈஸ்டருக்கு முன் மாமா போய்விட்டார். அடக்கத்துக்குக் கப்பல் கிடைத்து வந்து சேர்ந்தேன், மண் போட்டேன், வந்தவர்களுக்கு டீ கொடுத்தேன். அழுகை வரவில்லை. இன்றுவரை வரவில்லை. அது கவலைப்பட வேண்டிய விஷயமா என்றுகூடத் தெரியவில்லை. இப்போது யாராவது என்னிடம் பார்க்கலாம் என்று சொன்னால், எந்தப் பார்க்கலாம் என்று ஒரு கணம் அவர்கள் முகத்தைப் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

டாக்டர் சொன்னதையெல்லாம் மாமாவும் அன்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். அவருக்கு இந்தி என்னைவிட நன்றாக வரும். திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார். கோபப்படுவார், இல்லை உடைந்துபோவார் என்று நினைத்து, சொல்வதற்கு ஏதாவது தேடிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தில் இருந்தது சந்தோஷத்தைப் போல ஒன்று.

“அப்பம் அவரு நெசமாவே பாக்கேன்னுதாம் மக்ளே சொல்லியிருக்காரு” என்றார்.