அம்மாவுக்கு நான் போட்ட மார்க்

தினசரிக் காலண்டரில் கிழித்த தாள் மிகவும் மெல்லியது. ஈர விரலால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், சன்னலுக்கு நேரே பிடித்தால் முன்பக்கத்துத் தேதியும் ராகு காலமும் பின்பக்கத்தில் இடவலம் மாறித் தெரியும். அந்தப் பின்பக்கத்தில்தான் என் அம்மா தினமும் எனக்கு எழுதிவைத்துவிட்டுப் போவார். சில நாள் அதில் மஞ்சள் கறை இருக்கும், சில நாள் வெங்காய வாடை இருக்கும்.

அப்போது நான் தொடக்கப்பள்ளி நான்காம் வகுப்பு. புக்கிட் பாஞ்சாங்கில் ஓர் அடுக்குமாடிப் புளோக்கின் பத்தாவது மாடியில் நானும் அம்மாவும் மட்டும் இருந்தோம். அப்பா நான் நடை பழகும் முன்பே இறந்துவிட்டார். அம்மா ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் 'மத்தியான ஷிஃப்ட்' பார்த்தார். அவரை ஏற்றிச் செல்லும் 'கம்பெனி பஸ்' எங்கள் புளோக்குக்குக் கீழே ஒரு மணிக்கு வரும்; என் பள்ளி விடுவதோ ஒன்றேகாலுக்கு. அவர் வேலை முடிந்து திரும்பும்போது நான் தூங்கியிருப்பேன், நான் காலையில் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். அவர் விழித்துவிடாதபடி சத்தமில்லாமல் சீருடை மாட்டிக்கொண்டு வெளியேறத் தெரிந்திருந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஆக, வார இறுதி தவிர மற்ற நாள்களில் நாங்கள் இருவரும் சாப்பாட்டு மேசைமேல் கிடந்த அந்தத் தாளில்தான் சந்தித்துக்கொண்டோம்.

முதலில் தமிழில்தான் எழுதினார். பிறகு ஒருநாள் தொழிற்சாலையில், 'லைன் லீடர்' வேலைக்கு ஆள் எடுக்கப்போகிறோம், ஆங்கிலத்தில் எழுதத் தெரிய வேண்டும், பரீட்சை உண்டு என்று சொன்னார்களாம். அம்மா தமிழ்ப் பள்ளியில் நாலு வகுப்புதான் படித்தவர். ஆனாலும் சமூக மன்றத்தில் சனிக்கிழமை ஆங்கில வகுப்பில் சேர்ந்துவிட்டார்.

"லீடர்னா பகல் ஷிஃப்ட்டுடா. நாலு மணிக்கு வீட்டுல இருப்பேன். நீயும் நானும் ஒண்ணா சாப்பிடலாம்," என்றார். "இனிமே உனக்கு இங்கிலீஷ்லதான் எழுதப்போறேன். எழுதி எழுதித்தான்லா வரும்."

அப்படித்தான் அந்தக் கடிதங்கள் தொடங்கின. தமிழில் இரண்டு வரியோடு நிறுத்திவிடுபவர் ஆங்கிலத்தில் தாள் முழுக்க எழுதினார். "இஃப் ரெயின் வில் கம், டேக் த குளோத்ஸ். இஃப் நோ ரெயின், ஆல்ஸோ டேக்" என்று ஒருநாள் இருந்தது, மழை வந்தாலும் துணியை எடு, வராவிட்டாலும் எடு. மோட்டார் சைக்கிளில் ஒருவர் பெரிய பொம்மை யானையைக் கட்டிக்கொண்டு போனதைப் பஸ்ஸிலிருந்து பார்த்தாராம், அது ஒருநாள். "வென் ஐ வில் கம், யூ ஸ்லீப் வித் மௌத் ஓபன். ஐ குளோஸ்" என்று இன்னொரு நாள். நான் வரும்போது நீ வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறாய், நான் மூடிவிடுகிறேன் என்று அர்த்தம். சோற்றை மென்றபடி அதை மூன்று நான்கு முறை படிப்பேன். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிச் சத்தம் சுவர் வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும். எங்கள் வீட்டில் அந்தத் தாள் மட்டும்தான் பேசும்.

அந்த வருடம் எங்கள் ஆங்கில ஆசிரியை ஒரு விதியை எங்கள் தலையில் ஏற்றினார். வரப்போகிற காரியத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் 'வில்' என்று ஒரு சொல் சேர்ப்பார்கள், உங்களுக்கே தெரியும். ஆனால் 'வென்', 'இஃப்', 'அன்டில்' போன்ற சொற்கள் முன்னால் வந்துவிட்டால், அவற்றின் பின்னே 'வில்' வரக் கூடாது. நாளைக்கு வருவதாக இருந்தாலும் அங்கே 'வென் யூ கம்' என்றுதான் எழுத வேண்டும். வகுப்பே எழுந்து நின்று பாட்டுப்போல அதைச் சொல்லும். தப்பாக எழுதியவர்கள் 'கரெக்ஷன்' மூன்று தடவை எழுத வேண்டும். எனக்கு அந்தப் பயிற்சியில் பத்துக்குப் பத்து.

அன்று பத்துக்குப் பத்தோடு வீட்டுக்கு வந்தேன். காட்ட ஆள் இல்லை. மேசைமேல் தாள் இருந்தது. "வென் யூ வில் கம் அண்ட் ஐ ஆம் நாட் தேர், வாட் யூ டூ ஃபர்ஸ்ட்?" நீ வரும்போது நான் அங்கே இல்லையே, முதலில் என்ன செய்வாய் என்று கேட்டிருந்தார். கீழே வேறு ஏதோ மூன்று வரிகள், அவற்றிலும் இரண்டு 'வில்'.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சிவப்புப் பேனா எடுத்தேன். 'வில்' மூன்றையும் வட்டமிட்டேன். ஆசிரியை செய்வதுபோலவே ஓரத்தில் கோடு கிழித்து, பத்துக்கு நாலு என்று மார்க் போட்டு, 'கரெக்ஷன், மூன்று தடவை' என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அம்மா கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் தாளில் அம்மா கரெக்ஷன் எழுதிவைத்திருந்தார். அந்தக் கேள்வியையே, திருத்தி, மூன்று தடவை. ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக, அழுத்தி எழுதியிருந்தார். வேறு எதுவும் இல்லை. நான் அதற்கும் சரி போட்டு, பத்துக்குப் பத்து கொடுத்தேன்.

அதற்குப் பிறகு தாளில் 'வென்' வரவில்லை, 'இஃப்' வரவில்லை. "ரைஸ் இன் பாட்." "லாக் கேட்." "ஃபிஷ் ஹேஸ் போன்." சோறு பானையில், கேட்டைப் பூட்டு, மீனில் முள். ஒன்றிலும் தப்பில்லை. யானை இல்லை, நான் தூங்கும் விதம் இல்லை. தப்பு வந்துவிடுமோ என்று அம்மா நீளமான வாக்கியம் பக்கமே போகவில்லை. சிவப்புப் பேனாவோடு நான் உட்கார்ந்திருப்பேன், வட்டமிட ஒன்றும் இருக்காது. அந்த வீடு அதற்கு முன் எனக்கு அவ்வளவு பெரியதாகத் தெரிந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனும் காய்கறியும் விற்கும் தேக்கா ஈரச்சந்தையில் அம்மாவோடு வேலை பார்க்கும் ஓர் ஆன்ட்டியைச் சந்தித்தோம்.

"இவன்தான் நான் சொன்ன டீச்சர். பத்துக்கு நாலு போட்டான்," என்று அம்மா சிரித்தார்.

"நாலா? அடேய், எங்க சூப்பர்வைசரே தேவலாம் போலிருக்கே!" என்று அந்த ஆன்ட்டி என் காதைத் திருகினார். "எவ்ளோ ஃபீஸ்டா வாங்குற?"

நான் மீன் கடையையே பார்த்துக்கொண்டு நின்றேன். பஸ் நிறுத்தத்தில் மெதுவாகக் கேட்டேன்: "அம்மா, ஏன் இப்பல்லாம் நீளமா எழுத மாட்டேங்கிறீங்க?"

"தப்பு தப்பா எழுதவா? போடா."

"தப்பா எழுதுனா என்னலா?"

"பரீட்சைல போய் அப்படிக் கேட்டுப் பாரு," என்றார். அவர் கோபமாகச் சொல்லவில்லை.

பரீட்சையை இரண்டாம் முறை எழுதியபோது அம்மா தேறிவிட்டார். பார்ப்பவரிடமெல்லாம் "எம்மவன்தான் சொல்லிக்கொடுத்தான்" என்றார். நாலு மணிக்கு வீட்டில் இருந்தார், சுடச்சுடச் சோறு போட்டார். ஆனால் அதற்குள் எனக்குப் பன்னிரண்டு வயதாகியிருந்தது. "இன்னைக்கு ஸ்கூல்ல என்னடா?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன். நேருக்கு நேர் உட்கார்ந்து, அந்தத் தாளில் பேசிய அளவுகூடப் பேசாமல் சாப்பிட்டு எழுந்தோம். எழுதிவைக்க வேண்டிய தேவையும் போய்விட்டது.

இப்போது அந்தத் தொழிற்சாலை இருந்த இடத்தில் கூட்டுரிமை அடுக்குமாடி வீடுகள் எழுந்துவிட்டன. நான் தொழிற்கல்வியோடு படிப்பை முடித்து, லிஃப்ட் பழுது பார்க்கும் வேலைக்குப் போய்வருகிறேன். என் மகள் கைப்பேசியில் எனக்குச் செய்தி அனுப்புகிறாள். தப்பு இருந்தால் கைப்பேசியே திருத்திவிடுகிறது. அந்தத் தாள்களில் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவை மீன் முள் பொதிந்து குப்பைக்குப் போயின.

போன வாரம் மகள் அதே 'வென்', 'வில்' பயிற்சியைச் செய்துகொண்டிருந்தாள். எங்களோடு இருக்கும் அம்மா தரையில் உட்கார்ந்து நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா, ஒருநாள் எழுதிக் கேட்டீங்க. நான் வீட்டுக்கு வந்ததும் முதல்ல என்ன செய்வேன்னு."

"கேட்டேனா? நீ போட்ட மார்க்குதான் ஞாபகம் இருக்கு."

"கதவத் தொறந்ததும் 'அம்மா'ன்னு ஒரு தடவை சத்தமா கூப்பிடுவேன். நீங்க போயிருப்பீங்கன்னு தெரியும். இருந்தாலும் கூப்பிடுவேன்."

அம்மாவின் கை நின்றது.

"தெனமுமா?"

"தெனமும்."

கையிலிருந்த நெத்திலியைத் தட்டில் போட்டார். பிறகு சொன்னார்:

"இத மட்டும் எழுதியிருந்தீன்னா, ஒரு நாளாவது அந்தக் கம்பெனி பஸ்ஸ விட்டிருப்பேன்டா."