கொய்யா மரத்தில் தொங்கிய படம்

பழைய டிவிடி வியாபாரத்தில் தட்டைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. கண்ட பிறகு முகத்தில் ஒன்றும் தெரியாமல் நிற்பது மீதி வேலை. முதல் பாதியில் நான் தேறிவிட்டேன். அடுத்ததில் இன்றுவரை தோல்விதான். உங்களில் சிலருக்கும் இந்த நோய் இருக்கும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

இரவில் குளச்சல் பக்கம் ஒரு ஐஸ் கம்பெனியில் வேலை. பகலில் தூக்கம் பிடிப்பதில்லை. அதனால் மூடிப்போன வீடியோ கடைகள், வெளிநாடு போனவர்களின் வீடுகள் என்று அலைந்து தட்டு வாங்கி விற்கிறேன். இந்தப் படங்களையெல்லாம் இப்போது யாரும் புதிதாக அடிப்பதில்லை. இருப்பதும் கீறியும் உடைந்தும் குறைகிறது. விலை மட்டும் ஏறுகிறது.

எனக்கென்று நான் தேடியது ஒரே ஒரு படம். தியேட்டரில் ஒரு வாரம்கூட ஓடாத படம். பெயரைச் சொல்லமாட்டேன், சொன்னால் இன்னும் ஏறிவிடும். அதில் ஒரு காட்சியைத் தக்கலை பஸ் ஸ்டாண்டில் எடுத்தார்கள். துணிக்கடை வேலை முடிந்து வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த லில்லி, காட்சியில் வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தாள். பிறகு அவளைத்தான் நான் கட்டினேன். கல்யாணமான புதிதில் தியேட்டரில் பார்த்தபோது, அவளுடைய இடம் வந்ததும் என் கையைக் கிள்ளினாள்.

லில்லி இறந்து சில வருடங்கள் ஆகின்றன. வீட்டில் போட்டோக்கள் உண்டு. போட்டோவில் யாரும் அசைவதில்லை. கல்யாண கேசட் பூஞ்சை பிடித்துப் போயிற்று. இணையத்தில் கிடக்கும் பிரதியில் பஸ் ஸ்டாண்டு காட்சியையே வெட்டிவிட்டார்கள். டிவிடியில் முழுசாக இருக்கிறது என்று பழைய கடைக்காரர் ஒருவர் சத்தியம் செய்தார். அன்று தொடங்கியது அலைச்சல்.

சீல் பிரியாத சரக்கு

என்னிடம் வழக்கமாக வாங்குகிறவர் ஒரு வங்கி அதிகாரி. ஒரு முறை சீல் பிரியாத டிவிடி ஒன்று கொடுத்தேன். அட்டையில் அச்சடித்த விலையைப் போல பல மடங்கு, பேரம் பேசாமல் எடுத்துத் தந்தார். உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தருகிறேன் என்று கவரில் நகத்தை வைத்தேன். கைக்குழந்தையைப் பிடுங்குவதுபோலப் பிடுங்கிக்கொண்டார். இதேபோல இன்னொன்று கிடைத்தால் தனக்குத்தான் தரவேண்டும் என்று சொல்லியும் வைத்தார்.

வீட்டில் என்ன ப்ளேயர் என்று மரியாதைக்குக் கேட்டேன். ப்ளேயரே இல்லையாம். அப்படியானால் எப்படிப் பார்ப்பீர்கள் என்றேன். என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"படம் எதுக்கு அண்ணாச்சி? அது போன்ல கெடக்கு."

குளச்சல்காரனின் போட்டி

புதுக்கடையில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் என் படத்தைப் பற்றி விசாரித்தேன். ஒரு விலை சொன்னார். நான் கேட்டதால் கூட்டிச் சொல்லுகிறாரோ என்று சந்தேகம். கம்பெனியில் என்னோடு வேலை செய்யும் தாசனின் போனை வாங்கி, வேறு ஆள் மாதிரி, குளச்சல் என்று சொல்லிக் கேட்டேன். விலை கொஞ்சம் ஏறியிருந்தது. மறுபடி என் போனில் கூப்பிட்டேன். இன்னும் ஏறியது. "குளச்சல்லேந்து ஒரு ஆளு கூட்டிக் கேக்கான் ஓய், கொறைக்க ஒக்காது" என்றார். அந்தக் குளச்சல்காரன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை.

என்னோடு நானே போட்டி போட்டுக் களைத்த பிறகு பஸ் ஏறி நேரில் போனேன். தட்டைக் காட்டும், காசைக் கையோடு தருகிறேன் என்றேன். அவர் கடைக்குள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தட்டு எங்க ஓய் இருக்கு? மொதல்ல வெலை உறுதியாவட்டும், பொறவு தேடலாம்."

கிளி விரட்டி

சிதறாலில் ஒரு வீட்டில் பழைய டிவிடி வாடகைக் கடைச் சரக்கு இருப்பதாகத் தகவல். கடை நடத்தியவர் இப்போது மஸ்கட்டில். அவர் மனைவி வாசலில் நின்றபடியே, உள்ளே ஒன்றும் இல்லை, எல்லாம் மரத்தில் இருக்கிறது என்றார். பின்பக்கம் கொய்யா மரங்களில் கிளி வராமலிருக்கக் கிளைக்குக் கிளை டிவிடி கட்டித் தொங்கவிட்டிருந்தது. காற்றில் எல்லாம் சுழன்று கண்ணைக் கூசவைத்தன.

ஒவ்வொன்றாகப் பிடித்து வாசித்தேன். வெயில் தின்றதுபோக, நான் தேடிய படத்தின் பெயரில் பாதி மிச்சமிருந்த ஒன்று கையில் வந்தது. அதற்குமேல் என் முகம் என் சொல் கேட்கவில்லை. அந்த அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். காசு வேண்டாம், ஒன்றுக்குப் பத்து தட்டு வேண்டும் என்றார். பையைக் கவிழ்த்தேன். வங்கி அதிகாரிக்காக வைத்திருந்த சீல் பிரியாததும் அதில் இருந்தது. கவரோடு கட்டினால் மின்னாதே என்று அதைப் பல்லால் கிழித்துப் பிரித்தார். முடிச்சுப் போட்டுக்கொண்டே சிரித்தார்.

"சும்மா கொண்டுபோங்கன்னு சொல்லத்தான் வந்தேன், அண்ணே. உங்க மொகத்தப் பாத்த பொறவு மனசு வரல்ல."

ஜன்னலோரம்

என் ப்ளேயர் கீறல் விழுந்த தட்டைத் துப்பிவிடும். தாசன் வீட்டில் இருப்பது பழைய முரட்டுச் சாதனம், எதையும் விழுங்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் போனேன். பற்பசையை நடுவிலிருந்து ஓரத்துக்குத் தேய்த்துத் துடைத்துப் போட்டோம். படம் திக்கித் திக்கி ஓடியது. பஸ் ஸ்டாண்டு வந்தது, பஸ் வந்தது, ஜன்னலும் வந்தது.

என் ஞாபகத்தில் லில்லி நம்மைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். திரையில் கதாநாயகனின் தலை அவள் முகத்தை மறைத்தபடி ஓடுகிறது. தெரிவது ஒரு கை மட்டும். வாட்ச்சை உள்பக்கம் திருப்பிக் கட்டிய கை. அது மேலே போய்க் காற்றில் பறந்த முடியை ஒதுக்குகிறது. பஸ் திரும்பிவிடுகிறது. அவ்வளவுதான். அவள் அப்படித்தான் வாட்ச் கட்டுவாள்; நேரம் பார்க்க உள்ளங்கையை விரிப்பாள், எதையோ கேட்கிறவள் மாதிரி.

"எங்க ஓய் உம்ம பெஞ்சாதி?" என்று தாசன் கேட்டான். அந்தக் கை என்றேன். அவன் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து, ரிமோட்டை என் மடியில் வைத்தான்.

"நான் அவன் தலையல்லா பாத்துட்டேன். கைய இன்னொருக்கா போடும் ஓய்."

அந்தத் தட்டு விற்பனைக்கு இல்லை என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அதன் விலை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறது.