பழவேற்காட்டுக் கோட்டைக்கு நான் செய்த சட்டி

படகு விரிசலுக்குக் குங்கிலியம் பூசுவதில் சிங்காரத்தைவிடக் கெட்டிக்காரன் எங்கள் ஊர் பசியாவரத்தில் இல்லை என்று சொன்னவன் ஒரே ஒருவன். அந்தச் சிங்காரம் நானே. சொன்னவனும் நானே.

அந்த வாய்க்கொழுப்புதான் என்னை ஒல்லாந்தர் கோட்டைக்குள் கொண்டுபோய் விட்டது. அங்கே அரைத்த வெடிமருந்து, தோணியில் கப்பலுக்குப் போகும்போது அலையில் நனைந்து பாழாகிக்கொண்டிருந்தது. நனையவிடாத சட்டி ஒன்றைச் செய்துகாட்டுவதாக அளந்துவிட்டேன்.

உடனே கூலியாக அரிசி அளப்பார்கள் என்று நினைத்தேன். கோட்டைத் துரை கையில் ஒன்றும் இல்லையாம். அவர் கடலுக்கு அப்பால் ஒல்லாந்தரின் தலைமையிடமான பத்தாவியாவுக்கு எழுத வேண்டும், அங்கே பெரிய துரைகள் கூடிப் பேசிப் பணம் ஒதுக்க வேண்டும், அது கப்பலேறி வர வேண்டும் என்று துபாஷி மூர்த்தி விளக்கினார். வந்தபின் மாதம் ஒரு மூட்டை அரிசி, சட்டி தேறும்வரை. பத்து மாதம் காத்திருந்தேன். பிறகு ஒரு வருடம் சட்டிகளை ஏரியில் முக்கி முக்கி எடுத்தேன். எல்லாம் ஒழுகின. ஒழுகியதை எல்லாம் துரை அக்கறையாக எழுதி அனுப்பினார். அரிசியும் தவறாமல் வந்தது. கோட்டை ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

எங்கள் ஏரியில் முறை வைத்துத்தான் வலை போடுவோம். அதற்குப் பாடு என்று பெயர். இரண்டு முறை பாட்டுக்கு வராதவனின் பெயரை ஊர் எடுத்துவிடும்; அப்புறம் அவன் ஏரியில் வலை போட முடியாது. ஒரு முறை நான் ஏற்கெனவே போகவில்லை. அடுத்த முறை வந்த நாளில்தான் துரை முன்னால் பெரிய சோதனை.

“இன்னா, இந்த தபாவும் போவலன்னா பேரை எடுத்துடுவாங்க. எங்கண்ணன் படிச்சுப் படிச்சு சொல்லிட்டுப் போச்சு,” என்றாள் என் மனைவி வேலம்மா.

“பாடு எங்க போவுது? சட்டி தேறட்டும், அப்பால பாரு.”

வெடிமருந்தை நிரப்பி, மூடியைக் குங்கிலியம் பூசி அடைத்து, மூன்று நாள் ஏரியடியில் போட்டிருந்த சட்டியை எடுத்துத் துரை முன் வைத்தேன். இனி அதைத் தோணியில் ஏற்றிக் கடலில் திறந்து காட்ட வேண்டும். புதிதாக எது கடலில் இறங்கினாலும் எங்களுக்குக் கற்பூரம் காட்டியாக வேண்டும். பழக்கதோஷம். சட்டியின் மூடிமேலேயே ஏற்றிக் கும்பிட்டேன். பக்தியில் கண்ணை வேறு மூடிக்கொண்டேன்.

குங்கிலியம் பற்றிக்கொண்டதைத் துரைதான் பார்த்தார். அவர் என் குடுமியைப் பிடித்து இழுத்திருக்காவிட்டால் இதைச் சொல்ல நான் இல்லை. சட்டி வெடித்ததில் என் புருவமும் மீசையும் போயின. துரையின் தொப்பி ஏரியில் மிதந்தது.

உதைப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் சிரித்தார். தண்ணீரில் கிடந்த மருந்து இப்படி வெடித்தால் துளியும் நனையவில்லை என்றுதானே பொருள்? சட்டி தேறியதாக எழுதிக்கொண்டார்.

“உன் வேலை முடிஞ்சுது, சிங்காரம்,” என்றார் மூர்த்தி. “பத்தாவியா பணம் குடுத்தது கண்டுபுடிக்கிறதுக்குத்தான். செய்யிறதுக்குத் தனியா ஒதுக்குவாங்க. மலிவா செய்யிறவனுக்கு அது போவும். காட்டூர்க் குயவன் ஒருத்தன் கேட்டுகினு இருக்கான்.”

“அப்போ என் அரிசி?”

“சட்டி ஒழுகுன வரைக்குந்தான் அரிசி.”

நான் வீடு சேர்வதற்குள் ஊரார் என் பெயரை எடுத்துவிட்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து வேலம்மா அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

“ஜெயிச்சியா, தோத்தியா? அதையாவது சொல்லு.”

“ஜெயிச்சேன்.”

அவள் முறத்தை எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு அரிசி கேட்கப் போனாள்.