எல்லோருக்கும் ஒரே கட்டில்

ஆஸ்பத்திரிக் கட்டில் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாகப் படம் வரைந்துகொண்டிருந்தவளை எல்லோரும் ‘ஸ்கேலக்கா’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் வரைந்தபடிதான் குழாயை வெட்டுவார்கள், வளைப்பார்கள், வெல்டிங் வைப்பார்கள். ஒரு ஆஸ்பத்திரிக்குக் குழந்தைகள் ஏறுகிற மாதிரி தாழ்வான கட்டில், இன்னொன்றுக்கு உடைந்த காலைத் தூக்கிக் கட்டக் கம்பி வைத்த கட்டில். மாதத்துக்குப் பத்து வகை, வகைக்குப் பத்துப் பதினைந்து. மெதுவான வேலைதான். ஆனால் கேட்டது கிடைக்கும்.

முதலாளியின் மருமகன் வந்த ஏழாவது வாரமே அது மகா குற்றமாகிவிட்டது. மாப்பிள்ளை சார் அதற்குமுன் பிஸ்கட் கம்பெனியில் இருந்தவர். பெல்ட்டில் பிஸ்கட் வரிசையாகப் போவதைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லாமே அப்படித்தான் போகவேண்டும் என்று அவர் மண்டையில் ஏறிவிட்டது.

“இனிமே ஒரே கட்டில்தான். பெல்ட்ல ஏத்தினா நாளைக்கு நாப்பது இறங்கும்.”

“வாங்குறவங்க நாலு விதமா இல்ல சார் கேக்குறாங்க?”

“கேக்குறதைக் குடுக்குறதெல்லாம் பழைய காலம், அக்கா. நாம குடுக்குறதை அவங்க கேக்கணும்.”

அந்த ஒரே கட்டிலின் வடிவமும் அவருடையதே. தலைப்பக்கத்தை உயர்த்தச் சுற்றும் கைப்பிடி அதுவரை கால்மாட்டில் இருந்தது. மடக்கினால் உள்ளே போய்விடும். அதைப் பிடுங்கிப் பக்கவாட்டின் நடுவில் வைத்தார். விளம்பரப் படத்தில் முன்னால் தெரியும் கால்மாடு ‘சுத்தமாக’ இருக்கவேண்டுமாம்.

“இடிக்கும் சார்” என்றாள்.

“நீங்க கோடு போடுங்க. யோசிக்கிறதை நான் பாத்துக்கிறேன்.”

போட்டாள். பட்டுத் தெரிந்துகொள்ளட்டும் என்று உள்ளுக்குள் கறுவிக்கொண்டே, ஒரு மில்லிமீட்டர் பிசகாமல் வரைந்து, அவர் கையெழுத்தையும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

பெல்ட் ஓடியது. சொன்னபடி நாளைக்கு நாற்பது இறங்கியது. ஆனால் வாங்கத்தான் ஆள் இல்லை. மூன்றாவது மாதம் முற்றம் நிரம்பி, நடைபாதை நிரம்பி, கேன்டீனிலும் கட்டில்களை அடுக்கினார்கள். தொழிலாளிகள் கட்டில் கால்களுக்கு நடுவே தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள். “தேவை தானா வரும்” என்றார் மாப்பிள்ளை சார், மழை வரும் என்று சொல்வது மாதிரி.

கடைசியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஐந்து பேர் கட்டில் பார்க்க வந்தார்கள். அதில் தலைமை நர்ஸாக வந்தவள் ஸ்கேலக்காவின் நாத்தனார். அது மாப்பிள்ளை சாருக்குத் தெரியாது.

“மேடம், கைப்பிடியை நீங்களே சுத்திப் பாருங்க. வெண்ணெய் மாதிரி சுத்தும்.”

“பக்கத்துல இன்னொரு கட்டில் போடுங்க. எங்க வார்டுல ரெண்டுக்கும் நடுவுல இவ்வளவுதான் இடம்” என்று நர்ஸ் இரண்டடி காட்டினாள்.

போட்டார்கள். அவள் பக்கவாட்டில் நுழைந்து குனிந்து சுற்றினாள். பாதிச் சுற்றில் அவள் கை பக்கத்துக் கட்டிலில் மோதியது. விரல் முட்டியில் தோல் உரிந்தது.

“இதைச் சுத்தணும்னா பக்கத்து நோயாளியை எந்திரிச்சு வெளிய நிக்கச் சொல்லணுமா?”

வந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். மாப்பிள்ளை சாரின் காது சிவந்தது. “படம் போட்டவங்க பண்ணின தப்பு, மேடம்” என்று கூசாமல் ஸ்கேலக்காவைக் காட்டினார்.

இதற்காகவே காத்திருந்தவள்போல அவள் படத்தை விரித்தாள். மூலையில் அவர் கையெழுத்து, வாலும் சுழியுமாக. கூட நின்ற முதலாளி குனிந்து பார்த்துவிட்டு மருமகனைப் பார்த்தார். ஸ்கேலக்காவுக்கு வயிறு குளிர்ந்தது.

ஆனால் நாத்தனார் விடவில்லை. “இடிக்கும்னு தெரியுமா அண்ணி உங்களுக்கு?”

“சொன்னேன்.”

“சொல்லிட்டு வரைஞ்சு குடுத்துட்டீங்க. வலிக்கிறது என் கைதானே.”

ஸ்கேலக்கா படத்தைச் சுருட்டினாள்.

ஆர்டர் வரவில்லை. மறுநாள் முதலாளி அவளையே கூப்பிட்டு வழி கேட்டார். “பெல்ட்டைத் தூக்கிப் போட வேண்டாங்கய்யா. அடிச்சட்டம் எல்லாக் கட்டிலுக்கும் ஒண்ணுதான், அதை மட்டும் அதுல ஓட்டுவோம். காலு, தலைமாடு, கைப்பிடியெல்லாம் கேக்குற மாதிரி தனித்தனியா செஞ்சு மாட்டிக்கலாம்” என்றாள். கேன்டீனில் கிடந்த கட்டில்களைக் கழற்றி, சட்டத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அரை வருடத்தில் பழைய ஆஸ்பத்திரிகள் திரும்பி வந்தன. ‘நான் கண்டுபிடித்த முறை’ என்று மாப்பிள்ளை சார் தொழிலதிபர் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் பேசிக் கைத்தட்டு வாங்கினார். மூன்றாவது வரிசையில் இருந்த ஸ்கேலக்கா வாயை மூடாமலே கொட்டாவி விட்டாள்.

அடுத்த படத்துக்குமுன் அவள் லீவு போட்டுவிட்டு நாத்தனாரின் வார்டில் இரண்டு நாள் நின்றாள். நர்ஸுகளில் பாதிப் பேர் கைப்பிடியைக் கையால் தொடவே இல்லை. இரண்டு கையிலும் மருந்துத் தட்டோ படுக்கை விரிப்போ இருக்க, கால்மாட்டுக் கைப்பிடியைச் செருப்புக் காலால் எத்தி எத்தித் திருப்பினார்கள்.

“எப்பலேருந்து இப்படி?” என்று கேட்டாள்.

“நான் வேலைக்குச் சேர்ந்த நாள்லேருந்து” என்றாள் நாத்தனார். “உங்கள்ல யாரு வந்து பாத்தீங்க?”

அன்று சாயங்காலமே ஸ்கேலக்கா புதுத் தாளை விரித்து, கைப்பிடிக்குப் பதிலாகக் காலால் மிதிக்கிற ஒரு கட்டையை வரையத் தொடங்கினாள். அளவுக்கு, நாத்தனாரின் செருப்பைக் கழற்றச் சொல்லி வாங்கி வைத்திருந்தாள்.