திருத்தம் கேட்ட தங்கை

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பெரும்பாலோர் என் தங்கையாரின் கடைசி ஆறு ஆண்டுகளில் அவர் வீட்டுப் படி ஏறியவர்கள் அல்லர். நானும் அவர்களுள் ஒருவன். ஆகவே உங்களுக்கு மேலே நின்று இதை எழுதவில்லை. உங்கள் வரிசையில் நின்றே எழுதுகிறேன். அவருடைய முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இன்று வந்திருக்கிறீர்கள். உணவருந்தும் முன்போ பின்போ, இங்கேயே இதைப் படித்துவிடுங்கள். அலமாரியில் வைப்பதற்காக இது எழுதப்படவில்லை.

மலர் அச்சாகப் போகிறது என்று தெரிந்ததும் எங்கள் பெரியப்பாவின் மகன் தொலைபேசியில் அழைத்தார்.

"வக்கீல்னு ஒரு வரி போட்டா போதும்பா. அந்தக் கேஸு கீஸெல்லாம் இன்னாத்துக்கு? ஊரே மறந்துபோச்சு. நீ ஞாபகப்படுத்திக்கினு இருக்கிற."

"நினைவு மலர்னுதான்ணா இதுக்குப் பேரு."

"நக்கல் வேணாம். சொந்த அண்ணன் புள்ளையவே கோர்ட்டுக்கு இஸ்த்தவ அவ. நீதான அந்த அண்ணன்? ஒனக்கு ரோஷம் வேணாமா?"

"இருக்குது. அதனாலதான் எழுதுறேன்."

அவர் இன்று வந்திருக்கிறார் என நம்புகிறேன்.

தங்கையார் பொன்னேரியை அடுத்த எங்கள் ஊரில், எங்கள் பெற்றோருக்கு இரண்டாவது மகவாகப் பிறந்தார். தந்தையாருக்குச் சிறிது நன்செய் நிலமும், பின்னாளில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலை ஒன்றில் காவலாளி வேலையும் இருந்தன. பெண்ணைச் சட்டம் படிக்க அனுப்புவதற்கு நம் உறவில் ஒருவரும் உடன்படவில்லை. தந்தையார் எவரிடமும் வாதாடவில்லை. இரவுப் பணி முடித்து வந்த காலைகளில் அவரை ரயில் நிலையத்தில் ஏற்றிவிட்டு வந்து உறங்கினார். அவ்வளவுதான் அவர் செய்தது. அது போதுமானதாக இருந்தது.

பட்டம் பெற்ற பின் முதல் எட்டு ஆண்டுகள் தங்கையாருக்கு வாய்தா வாங்கும் வேலை மட்டுமே தரப்பட்டது. மூத்த வழக்கறிஞர் வாதிடுவார்; இவர் அடுத்த தேதி கேட்பார். ஒன்பதாம் ஆண்டில் பொன்னேரி ரயில் நிலையத்துக்கு எதிரே, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் தனி அலுவலகம் திறந்தார். குடும்ப வழக்குகளே அதிகம் வந்தன. தொழிற்பேட்டையில் பணிமுறை முடித்துச் சீருடையோடு இறங்கும் பெண்கள், பழவேற்காட்டிலிருந்து மீன் கூடையைக் கீழே கடையில் வைத்துவிட்டு மாடியேறும் பெண்கள். பிற்காலத்தில், வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவன்மாரால் இங்கே விட்டுச் செல்லப்பட்ட பெண்கள் வரத் தொடங்கினர். அவ்வழக்குகளுக்காகத் தம் ஐம்பதாம் வயதில் அயல்நாட்டுக் குடியேற்றச் சட்டங்களைப் படித்தார். மணம் செய்துகொள்ளவில்லை. காரணம் கேட்டவர்களிடம், "நேரம் இருந்தப்ப யாரும் கேக்கல, கேட்டப்ப நேரம் இல்ல" என்பார்.

அவரது தொழில்முறையில் ஒரு வழக்கம் இருந்தது. மனுவோ வாக்குமூலமோ எதுவாயினும், கையெழுத்து வாங்கும் முன் அதை உரியவருக்குத் தமிழில் மெதுவாகப் படித்துக் காட்டுவார். கேட்பவர் ஒரு திருத்தமாவது சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் கையெழுத்து இல்லை. அச்சத்தில் இருப்பவர் எதைப் படித்தாலும் தலையாட்டிவிடுவார் என்பதும், திருத்துபவரே உண்மையில் கேட்டவர் என்பதும் அவர் கருத்து. எங்களுக்குள் பேச்சு நின்றுபோவதற்கு முன் ஒரு முறை நான் அங்கே அமர்ந்திருந்தேன். பழவேற்காட்டுப் பெண் ஒருவருக்கு மனுவைப் படித்து முடித்திருந்தார்.

"எல்லாம் கரீட்டாத்தான் கீது மேடம்."

"அப்ப நீ கேக்கல. மறுபடியும் படிக்கிறேன்."

இரண்டாம் முறை பாதியிலேயே அப்பெண் கையை நீட்டினார். "நில்லு மேடம். காலைல அட்ச்சான்னு போட்டுக்கிற. காலைல அவன் ஏரில இருப்பான். வலைய எட்த்துக்கினு வந்து, மீன வித்து, குட்ச்சிட்டு, அப்புறம்தான் அட்ச்சான். மத்தியானம்."

"காலைலன்னு நீதான சொன்ன?"

"நான் எழுந்தத சொன்னேன்."

தங்கையார் சிரிக்கவில்லை, திருத்தினார். பின்னர் விசாரணையில், அன்று காலை தான் படகில் இருந்ததாகக் கூற அந்தக் கணவர் இருவரை அழைத்து வந்திருந்தார். பழைய சொல்லே நின்றிருந்தால் வழக்கு அன்றோடு முடிந்திருக்கும்.

இனி என் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

என் ஒரே மகன் இங்கிலாந்தில் நிலையாகத் தங்கும் உரிமை பெற்றுப் பணிபுரிபவன். ஆரம்பாக்கத்து விவசாயக் குடும்பம் ஒன்றில் அவனுக்குப் பெண் எடுத்தோம். பெண் பார்க்கச் சென்றபோது முன்வரிசையில் அமர்ந்தவர் தங்கையார். மணமாகி இரண்டாம் ஆண்டில் மருமகள் கருவுற்றார். ஏழாம் மாதம் வளைகாப்புக்காக மகன் அவரை இங்கிலாந்திலிருந்து இங்கே அழைத்து வந்தான். வளையல் அடுக்கிய கையோடு பெண்ணைத் தாய்வீட்டார் அழைத்துச் செல்வதும், குழந்தை பிறந்து மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ கணவன் வீட்டார் நேரில் சென்று அழைத்து வருவதும் நம் வழக்கம். அழைக்காமல் மருமகள் வருவதில்லை. அழைக்காதிருப்பதற்கு நம் ஊரில் ஒரே பொருள்தான் உண்டு.

மகன் அவருடைய பாஸ்போர்ட்டை விசா வேலைக்கென்று வாங்கிக்கொண்டு திரும்பிச் சென்றான். பெண் குழந்தை பிறந்தது. மூன்றாம் மாதம் போயிற்று. ஐந்தாம் மாதமும் போயிற்று. போக வேண்டாம் என்று மகன் சொன்னான். நான் போகவில்லை. திருமணம் முறிந்துவிட்டதென்று அவன் அந்நாட்டு அரசுக்கு எழுதியதால் மருமகளின் விசா ரத்தாகிவிட்டது என்ற செய்தி பிறகு வந்தது.

மருமகளின் தந்தை தங்கையாரிடம் சென்றதை மருமகளே பின்னாளில் எனக்குக் கூறினார். "ஒங்க அண்ணன் வூட்டு மேலதான் கேஸு. நீங்க எடுக்க மாட்டீங்கன்னு தெரியும்மா. வேற வக்கீல் பேரு மட்டும் சொல்லுங்க, போதும்" என்றாராம் அவர்.

"பொண்ணு பாக்க வந்தப்ப ஒங்க ஊட்டுல முன்னாடி ஒக்கார வெச்சீங்க இல்ல நைனா? இப்ப எந்திரிச்சுப் போகச் சொல்றீங்களா?"

அன்று மாலையே தங்கையார் என்னை அழைத்தார். "அண்ணா, மருமகளுக்கு நான் வக்காலத்து போட்டுட்டேன். வேற யாராவது சொல்லி நீ தெரிஞ்சிக்கக் கூடாது."

"நீ பண்றது நல்லா இருக்குதா?"

"நல்லா இல்ல. யாராவது ஒருத்தர் பண்ணணும்."

நான் தொலைபேசியை வைத்துவிட்டேன். அவர் அண்ணன் மகனை நீதிமன்றத்துக்கு இழுத்தார் என்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன்: அவர் எவரையும் இழுக்கவில்லை. என் மகன் ஒரு பெண்ணை நடுவழியில் இறக்கிவிட்டான். அவர் நின்று ஏற்றிக்கொண்டார்.

மருமகளுக்குப் புதிய பாஸ்போர்ட் வாங்க வேண்டியிருந்தது. பழையது தொலைந்துவிட்டதாக எழுதினால் எளிதில் கிடைக்கும் என்று பலரும் யோசனை கூறினர். "தொலையல. எடுத்துக்கினு போயிட்டாரு. அத அப்படியே எழுதுவோம்" என்றார் தங்கையார். அதனால் பல மாதங்கள் கூடுதலாயின. பொய்ச் சத்தியத்தின் மேல் எந்தப் பெண்ணையும் அவர் விமானம் ஏற்ற விரும்பவில்லை.

திருவள்ளூர்க் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. மகன் தரப்பில் நான் சாட்சி. சென்னையிலிருந்து அவனுடைய வழக்கறிஞர் அனுப்பிய வாக்குமூலத்தில், குழந்தையின் ஐந்தாம் மாதத்தில் நான் நேரில் ஆரம்பாக்கம் சென்று மருமகளை அழைத்ததாகவும், அவர் வர மறுத்ததாகவும் நான்காம் பத்தி கூறியது. நான் கையெழுத்திட்டேன்.

குறுக்கு விசாரணைக்குத் தங்கையார் எழுந்தார். நீதிபதியின் அனுமதி பெற்று, நான்காம் பத்தியை மட்டும் தமிழில் படித்தார். மாடி அலுவலகத்தில் படித்த அதே வேகம். "ரயிலில்" என்ற சொல்லுக்கு முன் மட்டும் சற்று நின்றார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சாட்சி அவர்களே, நான்காவது பத்தியைக் கேட்டீர்கள். இதில் திருத்தம் ஏதும் உண்டா?"

அவர் என்னை 'அண்ணா' என்றழைக்காதது வாழ்நாளில் அதுவே முதல் முறை.

"இல்லை."

"இன்னொரு முறை படிக்கட்டுமா?"

"வேண்டாம்."

"வேறு கேள்வி இல்லை, கனம் கோர்ட்டார் அவர்களே."

எந்த ரயில், வீட்டில் யார் தண்ணீர் கொடுத்தார், குழந்தை எங்கே படுத்திருந்தது என்று மூன்று கேள்விகள் கேட்டிருந்தால் நான் உடைந்திருப்பேன். அவர் கேட்கவில்லை. வளைகாப்பு நடந்த அதே வாரத்தில் மகன் விசாவை ரத்துச் செய்யச் சொல்லி எழுதிய கடிதத்தின் நகல் அவர் கையில் இருந்தது. அதை வைத்தே வழக்கில் வென்றார். ஜீவனாம்சமும் குழந்தையின் பொறுப்பும் மருமகளுக்குத் தீர்ப்பாயின.

ஆனால் இங்கிலாந்தில் என் 'இல்லை' வேறு வேலை செய்தது. கைவிடப்பட்ட மனைவி என்ற நிலையில் அங்கே திரும்பும் உரிமை கோரி மருமகள் விண்ணப்பித்திருந்தார். என் சாட்சியத்தை மகன் அங்கே அனுப்பினான். மாமனார் நேரில் அழைத்தும் வராதவர் கைவிடப்பட்டவர் ஆகார் என்று விண்ணப்பம் மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. நான் சொன்ன ஒரு சொல்லின் நீளம் அது. அதற்குள் என் பேத்தி நடக்கவும் பேசவும் பழகிவிட்டாள். நான் பார்க்கவில்லை.

அந்த மேல்முறையீட்டை நடத்தியவர், இத்தகைய பெண்களுக்காகவே அங்கே வாதாடும் ஒரு பாரிஸ்டர் அம்மையார். அவருக்குக் காலையும் நமக்குப் பிற்பகலுமான வேளையில், ஜெராக்ஸ் கடையின் மாடியிலிருந்து காணொளியில் பேசினார்கள். பெண் தானாகவே ஏன் திரும்பி வரவில்லை என்று அவர் கேட்டார். வளைகாப்பும் அழைப்பும் என்னவென்று தங்கையார் நான்கு பக்கங்களில் எழுதி அனுப்பினார். வாதுரை தயாரானதும், அதைக் கட்சிக்காரருக்குப் படித்துக் காட்டினால்தான் ஆயிற்று என்று பிடிவாதம் பிடித்தார். அம்மையார் வரிவரியாகப் படிக்க, இவர் தமிழில் சொல்ல, மருமகள் கேட்டுக்கொண்டிருந்தார்.

"திருத்தம் சொல்லும்மா."

"ஒண்ணு இருக்குது அத்தை. அவங்க கூப்பிடலன்னு மட்டும் எழுதிக்கிறாங்க. கூப்பிடுவாங்கன்னு நான் பொட்டி கட்டி வெச்சிருந்தேன். பாப்பா தவழ்ற வரைக்கும் அவுக்கல. அதையும் எழுதச் சொல்லுங்க."

அந்தப் பெட்டி தீர்ப்பிலும் இடம்பெற்றது. மருமகள் குழந்தையோடு இங்கிலாந்து சென்று இப்போது அங்கே சொந்தக் காலில் வாழ்கிறார். என் மகனிடம் செல்லவில்லை. செல்வதற்காக அவர் அந்த உரிமையைக் கேட்கவுமில்லை.

கணையத்தில் நோய் என்று தெரிந்த பின் தங்கையார் நான்கே மாதங்கள் இருந்தார். எனக்குச் செய்தி சொன்னவர் மருமகள்தான். ஆறாண்டுகளுக்குப் பிறகு அவ்வீட்டுக்குள் நுழைந்தேன். கட்டிலில் சாய்ந்து எதையோ படித்துக்கொண்டிருந்தார்.

"வாண்ணா. ஒக்காரு. அது மேல ஒக்காராத, அது கேஸ் கட்டு."

இளநீர் கொண்டு போயிருந்தேன். இரண்டு வாய் குடித்தார். "அன்னிக்குக் கோர்ட்டுல..." என்று நான் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தினார்.

"சாட்சி கூண்ட விட்டு எறங்கியாச்சு. இனிமே நான் கேள்வி கேக்க முடியாதுண்ணா. இளநி நல்லா இருக்குது, இன்னா வெலை?"

அதிலிருந்து ஒன்பதாம் நாள் மறைந்தார். சொல்ல வேண்டியதை நான் சொல்லவில்லை.

நன்றி கூறும் இடம் இது. மூன்று வேளையும் வீட்டுக்குக் கஞ்சி அனுப்பிய ஜெராக்ஸ் கடைக்காரர் குடும்பத்துக்கும், முள் நீக்கிய மீன்குழம்பைத் தூக்குவாளியில் வைத்துப் பேருந்தில் கொண்டுவந்த பழவேற்காட்டு அம்மாவுக்கும், பணிமுறை மாற்றிக்கொண்டு முறைவைத்து உடனிருந்த தொழிற்பேட்டைப் பெண்களுக்கும், இறுதி நாளில் காணொளியில் வெகுநேரம் உடனிருந்த பாரிஸ்டர் அம்மையாருக்கும், ஆரம்பாக்கத்துச் சம்பந்தியாருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. இவர்களில் எவரும் நம் உறவு வட்டத்தில் அழைப்பிதழ் பெறுபவர்கள் அல்லர். இன்று முதல் வரிசையில் அமர்த்தப்பட்டிருக்கிறார்கள். இடம் போதவில்லை என்று எவரும் குறைப்பட வேண்டாம்.

அச்சகத்துக்கு அனுப்பும் முன் இக்கட்டுரையைத் தங்கையாரின் முறைப்படி மருமகளுக்குத் தொலைபேசியில் முழுவதும் படித்துக் காட்டினேன். திருத்தம் உண்டா என்று கேட்டேன்.

"ஒண்ணே ஒண்ணு மாமா. கையெழுத்துப் போட்டேன்னு மட்டும் எழுதிக்கிறீங்க. படிக்காம போட்டேன்னு எழுதுங்க. அத்தை அப்படித்தான் சொல்வாங்க. எங்க அண்ணன் அதப் படிச்சிருக்க மாட்டாரு, படிச்சிருந்தா போட்டிருக்க மாட்டாருன்னு. கடைசி வரைக்கும் சொன்னாங்க."

அத்திருத்தத்தை நான் ஏற்கவில்லை.

கல்லூரியில் முப்பது ஆண்டுகள் வரலாறு கற்பித்தவன் நான். ஓர் ஆவணத்தை எப்படிப் படித்துச் சோதிப்பது என்று சொல்லிக்கொடுத்தே ஊதியம் பெற்றேன். நான்காம் பத்தியை இருமுறை படித்தேன். நான் பேருந்தில் ஆரம்பாக்கம் சென்றதாக அதில் தட்டச்சாகியிருந்தது. பேருந்தில் நான் பயணம் செய்வதில்லை என்பதை உறவினர் அனைவரும் அறிவர், எவரும் நம்பமாட்டார்கள். ஆகவே 'பேருந்தில்' என்பதைப் பேனாவால் அடித்து, 'ரயிலில்' என்று எழுதி, ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

தங்கையார் நீதிமன்றத்தில் படித்தது அந்தத் தாளின் நகலைத்தான். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். பிறர் வாயிலிருந்து ஒரு பொய்யையும் எழுதி வாங்காதவர், நான் படிக்கவில்லை என்ற ஒரு பொய்யை மட்டும் என் மருமகளிடம் தாமே சொல்லி, இறுதிவரை அதைக் காத்திருக்கிறார். அதன் நிழலில் நான் ஒதுங்கப் போவதில்லை. நீங்களும் ஒதுங்க வேண்டாம்.

நான் ஆரம்பாக்கம் போகவில்லை. ரயிலிலும் போகவில்லை. படித்துவிட்டே கையெழுத்திட்டேன்.

திருத்தம் உண்டு, தங்கையே.

அண்ணன்