வடக்கனந்தலில் தொலைந்த இரண்டு முழம் டேப்

1. விசில்

ஆர்க்கெஸ்ட்ராவில் நான் கீபோர்டு வாசிக்கச் சேர்ந்த முதல் நாளே எங்கள் பாடகி வசந்தா அக்காவுக்கு விசில் விழுந்தது. பாராட்டு விசில் இல்லை, 'இறங்கு' என்கிற விசில்.

வடக்கனந்தல் திருவிழா. பாட்டு, ஊருக்கே உயிரான ஒரு மழைப் பாட்டு. பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் பாட ஆரம்பித்துவிடுவீர்கள், இதைப் படிக்க மாட்டீர்கள். பல்லவியிலேயே முணுமுணுப்பு. முதல் சரணம் முடிந்து செகண்ட் பி.ஜி.எம்., அதாவது சரணங்களுக்கு நடுவே வரும் வாத்திய இசை, தொடங்கியது. நான் வயலின் பிட்டில் பாதிகூடத் தாண்டவில்லை. கூட்டம் தானாகவே அடுத்த சரணத்தைப் பாடத் தொடங்கிவிட்டது. கிண்டல் செய்கிறார்கள் என்றுதான் நினைத்தோம்.

"யோவ், பாட்டு தெரிலன்னா எறங்குங்கயா" என்றார் முன்வரிசையில் ஒரு பச்சைத் துண்டு.

மறுநாள் கள்ளக்குறிச்சியில், சைக்கிள் கடை மாடியில் இருக்கும் எங்கள் ரிகர்சல் ரூமில் விசாரணை நடந்தது. குழுவை நடத்துகிற கதிர்வேல் மாஸ்டர் ரெக்கார்டைப் போட்டுக் காட்டினார். நாங்கள் வாசித்ததில் ஒரு தப்புகூட இல்லை.

"ரெக்கார்டுல இன்னா கீதோ அதான் பாட்டு" என்றார். "ஒரு நோட்டு ஜாஸ்தி கெடையாது, கம்மி கெடையாது."

வசந்தா அக்கா பகலில் தையல் கடை வைத்திருப்பவர். "அந்த ஊர்ல இன்னொரு வாட்டி விசில் அடிச்சாங்கன்னா நான் மைக்கத் தொட மாட்டேன் மாஸ்டர். எம்மிஷினு என்னப் பாத்து விசில் அடிக்காது."

சும்மா சொல்லவில்லை. அப்படி நடந்தால் நிறுத்திவிடுவார் என்று எல்லோருக்கும் தெரியும். நான் அப்போதுதான் பி.எஸ்சி. பிசிக்ஸ் முடித்திருந்தேன், எதுவும் தெரியாது என்பதே தெரியாத வயது. "விடுக்கா, அடுத்த வருசம் பிட்டெல்லாம் நான் எழுதறேன்" என்றேன். ரெக்கார்டில் பாடகி மூச்சு இழுக்கும் இடத்தைக்கூட விடாமல் கேட்டு எழுதி வைத்தேன்.

2. டீக்கடை

அடுத்த வருடம் அதே திருவிழா வந்தபோது இடஒதுக்கீட்டுப் போராட்டம் உச்சத்தில் இருந்தது. எந்த நாள் எந்த ரோட்டில் மறியலுக்கு வெட்டிப் போட்ட புளியமரம் குறுக்கே கிடக்கும் என்று யாருக்கும் தெரியாது. விழாக் கமிட்டி ஒரே வரியில் சொல்லி அனுப்பியது: முந்தின நாளே வந்துவிடுங்கள், கச்சேரி மதியம் மூன்று மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போதே ஜனங்கள் வீடு போய்ச் சேர வேண்டும்.

அதனால்தான் முதல் முறையாக ஒரு ஊரில் வேலை எதுவும் இல்லாமல் ஒரு முழு நாள் உட்கார்ந்தோம். ரோடு மட்டும் திறந்திருந்தால் இந்த விஷயம் எனக்குக் கடைசி வரை தெரிந்திருக்காது.

டீக்கடை எதிரே தென்னை மரத்தில் மைக்செட் குழாய் கட்டியிருந்தது. சாமி பாட்டு ஓடி முடிந்து மழைப் பாட்டு வந்தது. டம்ளரை வாயில் வைத்தவன் அப்படியே நின்றுவிட்டேன். பாட்டின் சுருதி அரைக் கட்டை மேலே ஏறி இருந்தது, ஓட்டமும் வேகம். செகண்ட் பி.ஜி.எம்.மில் வயலின் நாலு நோட்டு இழுத்தது, 'டப்' என்று ஒரு சத்தம், நேராக இரண்டாவது சரணம். பி.ஜி.எம். காணோம். டீ மாஸ்டர் ஆற்றியபடியே பாடிக்கொண்டிருந்தார். அந்த 'டப்'பில் அவரும் தாவினார். திருவிழாவுக்காகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்த இரண்டு பேர் பெஞ்சில் இருந்தார்கள். அவர்களும் தாவினார்கள். ஒருத்தர்கூடத் தடுமாறவில்லை.

மைக்செட் போட்டிருந்த கோவிந்தன் அண்ணனிடம் ஓடினேன். "ண்ணா, இன்னா பாட்டு எகிறுது?"

"எங்க எகிறுது? நல்லாத்தான ஓடிக்கினு கீது."

"வயலின் வர்ற எடத்துல, ண்ணா."

"ஓ, அதுவா. கேசட்டு வாங்குன புதுசுல டெக்கு துன்னுடுச்சு தம்பி. ரெண்டு மொழம் டேப்பு நாரா பூடுச்சு. அறுத்துப் போட்டு செல்லோடேப்பு ஒட்டுனேன். மோட்டாரும் கொஞ்சம் வேகம்தான். யாரும் ஒண்ணும் சொல்லலியே."

"கல்யாணம், காதுகுத்துக்கெல்லாம் இதேவா?"

"மலைக்கு ஜெனரேட்டர் ஏத்திக்கினு போனாலும் இதான். இந்தச் சுத்துவட்டாரத்துக்கே நம்ம செட்டுதான."

பிசிக்ஸ் அன்றைக்குத்தான் முதல் முறையாக உதவியது. கேசட் டேப் ஒரு செகண்டுக்கு நாலே முக்கால் சென்டிமீட்டர் ஓடும். இரண்டு முழம் என்றால் கிட்டத்தட்ட பத்தொன்பது செகண்டு. டேப் அறுந்த பிறகு ஊர் கேட்டே இராத பத்தொன்பது செகண்டை நாங்கள் போன வருடம் மேடையில் வாசித்திருக்கிறோம். அவர்கள் காதில் நாங்கள்தான் தப்பு.

3. வெட்டு

"தப்பா வாசிக்கச் சொல்றியா டிகிரி?" என்றார் மாஸ்டர். கோபம் வந்தால் நான் டிகிரி. "மியூசிக் போட்டவரு கேட்டா இன்னா நெனைப்பாரு?"

"அவரு வடக்கனந்தல் வரமாட்டாரு மாஸ்டர். விசில் அடிக்கிறவரு வருவாரு."

அக்கா எழுந்து போனார். கோவிந்தன் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கேசட்டை நாலு தடவை கேட்டுவிட்டு வந்தார்.

"அரைக் கட்ட ஏத்துனா மேல எந்தொண்ட நிக்குமான்னு தெரில" என்றார். "ஆனா பாடப் போறது நானு. விசிலும் எனக்குத்தான். தம்பி சொல்றாப்புல வாசிங்க மாஸ்டர்."

சுலபம் என்று நினைக்காதீர்கள். கோவிந்தன் அண்ணன் தாளம் பார்த்து அறுக்கவில்லை. வெட்டு மூன்றாவது தட்டின் நடுவில் விழுந்திருந்தது. தபலாக்காரர் கையைப் பாதியில் நிறுத்தி முதல் தட்டுக்குக் குதிக்க வேண்டும். அந்த ஒரு இடத்தை மட்டும் சாயங்காலம் முழுக்கத் திரும்பத் திரும்ப வாசித்தோம். மாஸ்டர் ஹார்மோனியத்தை மூடிவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

4. மூன்று மணி

வெயில் நேராக மூஞ்சியில் அடித்தது. பஸ் இல்லாததால் பாதிப் பேர் நடந்தே வந்திருந்தார்கள். பச்சைத் துண்டு அதே முன்வரிசை.

பல்லவியில் முணுமுணுப்பு இல்லை. முதல் சரணத்தில் தலைகள் ஆடின. செகண்ட் பி.ஜி.எம். வந்தது. நாலு நோட்டு இழுத்தேன், தபலா நின்றது, வெட்டு. மொத்தக் கூட்டமும் எங்களோடு தாவியது. மேல் ஸ்தாயியில் அக்காவின் குரல் லேசாகக் கீறியது. கண்ணை மூடிக்கொண்டு மைக்கைக் கூட்டத்துப் பக்கம் நீட்டினார். மீதியை அவர்கள் பாடி முடித்தார்கள்.

பச்சைத் துண்டு எழுந்து நின்றார். "யக்கா, இதான் பாட்டு. போன வருசம் ஒரு பொம்பள வந்து பாடுச்சு பாரு, கொன்னுடுச்சு."

அக்கா மைக்கிலேயே பதில் சொன்னார். "அது எங்கக்காங்க. இனிமே வராது."

ஒன்ஸ்மோர் இரண்டு தடவை.

5. மிச்சம்

அந்தத் தெம்பில் ரிஷிவந்தியத்திலும் அதே வெட்டை வாசித்தேன். அங்கே வேறு மைக்செட், முழுக் கேசட். நாங்கள் தாவினோம், கூட்டம் தாவவில்லை. பத்தொன்பது செகண்டையும் வாயாலேயே வாசித்துக் காட்டி எங்கள் மானத்தை வாங்கினார்கள். ஜெயித்தது வெட்டு இல்லை, டீக்கடையில் உட்கார்ந்த அந்த ஒரு நாள் என்று அங்கேதான் புரிந்தது. பழைய பாட்டைத் திரும்பப் பாடும்போது நாம் ரெக்கார்டோடு போட்டி போடவில்லை, கேட்கிறவர் காதில் ஏற்கெனவே ஓடுகிற பாட்டோடு போட்டி போடுகிறோம். குழுவில் புதிதாகச் சேருகிறவர்கள் நோட்ஸ் எழுதும் முன் இதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

மாஸ்டர் மட்டும் மனசு கேட்காமல் நல்ல புதுக் கேசட் ஒன்று வாங்கிக் கோவிந்தன் அண்ணனிடம் கொடுத்தார். பத்தே நாளில் அண்ணன் சைக்கிள் கடை மாடி ஏறி வந்து அதைத் திருப்பி வைத்தார்.

"இது ரிப்பேரு கேசட்டுங்க மாஸ்டர். நடுவுல ஒரு எடத்துல பாட்டே வரமாட்டுது. ஜனங்க திட்டுதுங்க."

வசந்தா அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு மாஸ்டர் என்னை டிகிரி என்று கூப்பிடுவதில்லை. எந்த ஊருக்குப் போனாலும் வேன் நின்றதும் என் பக்கம் திரும்பி ஒன்றே ஒன்று சொல்வார்.

"போயி டீ குடிச்சிட்டு வா."