கொடியில் காய்ந்த சட்டை

போன வாரம் மகள் போன் செய்தாள். திண்டிவனம் பக்கம் ஷூ கம்பெனியில் அவளுக்கு வேலை. கூட வேலை பார்க்கும் இரண்டு பெண்களோடு ஊர்க்கோடியில் வீடு எடுத்திருக்கிறாள்.

"அம்மா, அப்பாவோட பழைய சட்டை ஒண்ணு குடுத்தனுப்பு. கொடியில போட்டு வெச்சா ஆம்பள இருக்கிற வீடுன்னு நெனச்சிக்குவாங்க" என்றாள், சிரித்துக்கொண்டே.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றுவரை சரியான தூக்கமில்லை.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது நாங்கள் காணைக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் இருந்தோம். அப்பா வேலைக்கென்று பெங்களூர் போய், அங்கேயே வேறு குடும்பமாகிவிட்டவர். அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போய் என்னை வளர்த்தாள். அவர் விட்டுப்போன நீலக்கட்டம் போட்ட சட்டையை வாரம் தவறாமல் துவைத்து வாசல் கொடியில் காயப்போடுவாள். அப்பா திடீரென்று வந்து நின்றால் மாற்றுச் சட்டை வேண்டுமே, அதற்குத்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்த வருடம் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கு ஆயா எடுத்தார்கள். கணவனை இழந்தவர்களுக்கும் கணவனால் கைவிடப்பட்டவர்களுக்கும் முன்னுரிமை என்றார்கள். அம்மா மனு கொடுத்தாள். மாதச் சம்பளம், சேறு இல்லை, வெயில் இல்லை. அந்த வேலையைப் பற்றிப் பேசும்போதே அவள் முகம் மாறிவிடும். விசாரிக்க ஆள் வருவார்கள் என்று தெரிந்ததும் சட்டையை எடுத்து டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

"நான் கழனிக்குப் போயிருக்கும்போது யாராவது வந்து கேட்டா, அப்பா இல்லன்னு சொல்லு. வேற எதுவும் பேசிக்கினு நிக்காத."

வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அப்பா பாம்பு கடித்து இறந்துபோனார். டீச்சர் கேட்டபோது அவள் எழுந்து நின்று சொன்னதும் இதே வார்த்தைதான்: அப்பா இல்ல. நான் அப்படிச் சொன்னால் எங்கள் அப்பாவும் செத்துப்போவார் என்று பயந்து, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை ஒருவர் சைக்கிளில் வந்தார். கூடவே எங்கள் ஊர்த் தலையாரி.

"அப்பா எங்க பாப்பா?"

உள்ளே ஓடினேன். பெட்டியைக் கவிழ்த்து, சட்டையை எடுத்து வந்து கொடியில் போட்டேன்.

"இருக்காரு சார். இதோ அவரு சட்டை. அம்மா இப்பத்தான் தொவச்சாங்க."

"பாத்தீங்களா சார்? ஆளு வர்றதே இல்லன்னு மனு குடுத்துட்டு, சட்டைய மட்டும் தொவச்சிக்கினு இருக்குது" என்று தலையாரி சிரித்தார். வந்தவர் ஏதோ எழுதிக்கொண்டு போனார்.

வேலை வேறொருத்திக்குப் போனது. அதன்பிறகு இருபது வருடம் அம்மா சேற்றில்தான் குனிந்திருந்தாள்.

வேலை இல்லையென்று தெரிந்த அன்று, "ஏன்டி அப்படிச் சொன்ன?" என்று மட்டும் கேட்டாள்.

"அப்பா செத்துடக் கூடாதேன்னுதாம்மா."

என்னைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்கப்பனுக்கு ஆயுசு கெட்டிடி" என்றாள்.

அன்று சாயங்காலமே சட்டையை நனைத்துப் பிழிந்து, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி கொடியின் முன்னால் போட்டாள். காற்றில் விழாமல் இருக்க முடிச்சும் போட்டாள்.

வேலை கிடைக்காத அன்றும் அப்பாவை மறக்கவில்லையே, அம்மாவுக்கு அவர் மேல் எவ்வளவு ஆசை என்று எனக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தது.